கடலோர வீட்டில் நெட்டிலிங்கம்: தெரியாமல் உப்பை ஊட்டும் தவறுகள்

மதிலோரம் நாலடி இடம்தான் இருக்கிறது. அதில் வருஷம் முழுக்கப் பச்சையாக, பக்கத்து மாடி ஜன்னலை மறைக்கிற மாதிரி ஒரு மரம் வேண்டும். இப்படி இணையத்தில் தேடினால் கண்ணில் படுவது ‘ஸ்கை பென்சில்’ என்கிற ஜப்பானிய ஹாலி. 8 முதல் 10 அடி உயரம், 2 முதல் 3 அடி அகலம், பென்சிலை நட்டு வைத்தது போல நிற்கும். படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவதுதான் முதல் தவறு. அமிலத்தன்மையுள்ள மண்ணும் குளிர்ந்த பருவமும் கேட்கிற செடி அது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து மணலில் சிப்பித் தூளும் பவளக்கல் தூளும் கலந்து சுண்ணாம்பு அதிகம், அமிலத்துக்கு நேர் எதிர். ஹாலியின் உறவுக்கார மரங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, ஆனால் அவை இருப்பது நீலகிரிச் சோலைக்காடுகளில்.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அந்த வேலைக்கு நெட்டிலிங்கம் போதும். நர்சரிக்காரர்கள் ‘அசோகா’ என்று சொல்லி விற்பார்கள். நிஜமான அசோகு வேறு. அது பரந்து வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். நெட்டிலிங்கத்திலும் கிளை விரிகிற ரகம் ஒன்று இருப்பதால், கிளைகள் உடம்போடு ஒட்டித் தொங்குகிற ரகம்தானா என்று பார்த்து வாங்குங்கள். 10 அடிக் கன்றைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதன் வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றி இறுகியிருக்கும், ஒரு ஆடிக் காற்றுக்கே சாய்ந்துவிடும். இரண்டரை, மூன்றடிக் கன்று போதும்.

நட்ட பிறகு கன்று கருகினால் எல்லாரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் குற்றவாளி உப்பு. அது தண்ணீரில் வரும், காற்றில் வரும், சில சமயம் நாமே உரம் என்று நினைத்துக் கூடையில் கொண்டுவந்து கொட்டுவோம்.

எந்த வழியாக வந்தது என்பதை இலையே சொல்லிவிடும். மரத்தின் ஒரு பக்கம் மட்டும், கடலைப் பார்த்த பக்கம், தீயில் வாட்டியது போலக் கருகியிருந்தால் அது காற்று. சுற்றிலும், அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கி, நுனியும் ஓரமும் பழுப்பாகி உள்ளே ஏறினால் அது தண்ணீர் அல்லது மண். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் உப்பே இல்லை, இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். மதிலோரம் கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கழிவு இருந்தால் இன்னும் மோசம். இதற்கு அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் இலையில் தெளிக்க வேண்டும். 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். பழைய இலை நிறம் திரும்பாவிட்டாலும் கவலை இல்லை.

தண்ணீர்தான் பெரிய விஷயம். தை மாதம் போர் தண்ணீரை அளந்துவிட்டு ‘நல்ல தண்ணி’ என்று முடிவு கட்டுவார்கள். மழை முடிந்த கையோடு எடுத்த அளவு அது. அதே போரை வைகாசியில் அளந்து பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1000 பிபிஎம் (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) வரை நிம்மதியாக ஊற்றலாம். அதற்கு மேல் போனால் ஊற்றுகிற முறையை மாற்ற வேண்டும். 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி நெட்டிலிங்கம் வைக்காதீர்கள்.

முறை என்றது இதைத்தான். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வேரைச் சுற்றித் தங்கிவிடும். நாலைந்து வாரத்தில் பாத்தியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். அதற்குப் பதிலாக, மணல் மண்ணில் மூன்று நாளுக்கு ஒரு முறை 20 லிட்டர், கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை. தண்ணீர் சற்றுக் கரிப்பாக இருந்தால் 30 லிட்டர்; கூடுதல் 10 லிட்டர் உப்பைக் கழுவி வேருக்குக் கீழே இறக்குவதற்கு. மொட்டை மாடி மழைநீர்க் குழாயை ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பாத்திக்குத் திருப்பி விட்டால், வருஷத்து உப்பு பெரும்பாலும் கழுவிப் போகும். தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த இடத்தில் மட்டும் இதைச் செய்யாமல், ஓரடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் ஏராளம். கணக்கைப் பாருங்கள். 3 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் குடிநீராக வந்தால், மூன்று லிட்டரின் உப்பும் மிச்ச 2 லிட்டரில் இருக்கும். 1200 பிபிஎம் தண்ணீர் கிட்டத்தட்ட 1800 ஆகிவிடும். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேர் எதிர், அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். கடலோர ஈரக்காற்றில் ஒரு ஏசி ஒரு ராத்திரிக்குச் சில லிட்டர் தரும். வாளி வைத்துப் பிடியுங்கள். அரிசி களைந்த தண்ணீர் நல்லது. கருவாடு ஊறவைத்ததும் துணி அலசியதும் ஆகாது.

உரத்தின் கதையும் இதேதான். கருவாட்டுக் கழிவு, கரையில் ஒதுங்கிய கடல்பாசி, கழுவாத தென்னை நார்க்கழிவு மூன்றுமே உப்பு மூட்டை. பாசியையும் நார்க்கழிவையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மட்க வைத்த பிறகு போடலாம். சிவப்புப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, சல்பேட் வகைப் பொட்டாஷைக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் எங்கும் கிடைக்கிற ஆட்டுப் புழுக்கையை ஆறு மாதம் ஆறவிட்டு, ஒரு கன்றுக்கு 5 கிலோ, வருஷம் ஒரு முறை வைத்தால் வேறு ஒன்றும் தேவையில்லை.

குழியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நர்சரிப் பையில் இருப்பது இறுகிய செம்மண். அதை அப்படியே மணலில் வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் சுற்றியுள்ள மணல் வழியே ஓடிவிடும், உள்ளே மண்கட்டி காய்ந்தே கிடக்கும். பாத்தி நனைந்திருக்கிறதே, செடி ஏன் வாடுகிறது என்று குழம்புவீர்கள். இரண்டடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, எடுத்த மணலில் பாதியோடு கண்மாய் வண்டலும் பழைய எருவும் கால் பங்கு வீதம் கலந்து நிரப்புங்கள். பை மண்ணின் வெளிப்பக்கத்தை அரை அங்குலம் உதிர்த்து, சுற்றிய வேரை விரலால் பிரித்து விட்டு, முதல் இரண்டு மாதம் தண்டை ஒட்டியே தண்ணீர் விடுங்கள். வண்டலையும் சோதிக்க வேண்டும், கடலை ஒட்டிய கண்மாய் வண்டலில் உப்பு இருக்கலாம். ஒரு பங்கு வண்டலை ஐந்து பங்கு நல்ல தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு மீட்டரை வையுங்கள். அந்தத் தண்ணீரின் பழைய அளவைவிட எகிறினால் வேண்டாம்.

நட ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசி. சித்திரையில் நட்டால் பாதி போய்விடும்.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வறுத்தெடுக்கும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வாடை. ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டும் உண்டு. கடலை நேரே பார்த்த முதல் வரிசை வீட்டில், கடல் பக்கம் நெட்டிலிங்கம் வேண்டாம். அங்கே பூவரசோ புன்னையோ வைத்து, அதன் மறைவில் நெட்டிலிங்கம் நடுங்கள். முதல் இரண்டு வருஷம் பனை ஓலைத் தட்டி கட்டலாம். ஓலை இடுக்கில் காற்று கொஞ்சம் புக வேண்டும். தகரம் வைத்து முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிச் சுழன்று செடி மேலேயே விழும்.

மரத்துக்கு மரம் 5 அடி, மதிலுக்கு 3 அடியாவது விடுங்கள். மேலே மின்கம்பி போனால் இந்த மரமே வேண்டாம், 30 அடியைச் சாதாரணமாகத் தாண்டும். அப்புறம் கம்பிக்காகத் தலையை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் நாலைந்து தலை கிளம்பி, ஈட்டி மாதிரி நின்ற மரம் துடைப்பமாகி, அடுத்த புயலில் அந்தக் கிளைகள் முறியும். அடிக்கிளையைச் ‘சுத்தம்’ என்று கழிப்பதும் வேண்டாம், மறைப்பே அங்கேதான். தளிரைக் கடிக்கிற பச்சைப் புழுவுக்கு மருந்தடிக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது கறுப்பில் பச்சைப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சியின் புழு. நாலு இலை தின்றுவிட்டுப் போய்விடும்.