18 என்று போட்ட கேமைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வெளிநாட்டுப் பெட்டிக்குள் இருந்துதான் வெளியே வருகிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மருமகனுக்கு ஒரு பிளேஸ்டேஷனும் இரண்டு மூன்று டிஸ்க்கும் கொண்டுவருவார். லண்டன் டிஸ்க் என்றால் அட்டையின் மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் 18 என்று இருக்கும், கனடா டிஸ்க் என்றால் எம் என்ற எழுத்து இருக்கும். வீட்டில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுச் சாமான் வாங்கும்போது காலாவதித் திகதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே ஆட்கள்தான்.

அப்படியே யாராவது பார்த்தாலும் அதை விளங்கிக்கொள்கிற விதத்தில் முதல் பிழை வருகிறது. 18 என்றால் விளையாடக் கஷ்டமான கேம், எங்கட பெடியன் கெட்டிக்காரன், புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவன், அவன் சமாளிப்பான் என்று நினைக்கிறார்கள். அந்த இலக்கத்துக்கும் கெட்டித்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரியவர்களே தலையைப் பிய்த்துக்கொள்கிற புதிர் விளையாட்டுக்கு 3 என்று போட்டிருக்கலாம். ஐரோப்பாவில் 2003 முதல் இருக்கும் பெகி என்ற வயதுத் தரம் போடும் முறை கேமுக்கு உள்ளே என்ன காட்டப்படுகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. வன்முறை நிஜத்தில் நடப்பது போலவே தெரியத் தொடங்கினால் 16, கொடூரமாகவோ, காரணமில்லாமல் கொல்வதாகவோ, எதிர்க்க முடியாதவர்களைத் தாக்குவதாகவோ இருந்தால் 18. அமெரிக்காவிலும் கனடாவிலும் இஎஸ்ஆர்பி என்ற அமைப்பு இதே வேலையை 1994 முதல் எழுத்துகளால் செய்கிறது; எம் என்றால் 17 வயதும் அதற்கு மேலும், அதாவது கடும் வன்முறை, இரத்தம், பாலியல் காட்சி, தூஷணம் இவற்றில் சிலவோ எல்லாமோ இருக்கலாம்.

சரி, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுப்போம். 2013இல் வந்த ஜிடிஏ ஐந்து, குற்றவாளியாக இருந்து விளையாடுகிற கேம். அப்பா பின்னால் நின்று ஐந்து நிமிஷம் பார்க்கிறார், பெடியன் கார் ஓடுகிறான், பின்னால் பொலிஸ் துரத்துகிறது, பகிடியாகத்தான் இருக்கிறது, அப்பா போய்விடுகிறார். அவர் பார்க்காதது கதையின் நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு ஆளைக் கதிரையில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் கட்டம் வரும், பல்லைப் பிடுங்குவதா, மின்சாரம் பாய்ச்சுவதா என்று கருவியைத் தேர்ந்தெடுப்பது விளையாடுகிற ஆள், பொத்தானை அமத்துவதும் அந்த ஆள்தான். படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால் கண்ணை மூடலாம், இங்கே கையை எடுத்தால் கேம் நகராது. இந்த ஊரில் சித்திரவதை என்பது கதைப்புத்தகத்தில் வருகிற விஷயம் இல்லை என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் அந்தக் கட்டம் போவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன், அதைச் செய்தவன் பிறகு அப்படி ஆகிவிடுவான் என்ற பயத்தினால் இல்லை, அது என்னவென்று விளங்கிக்கொள்ளவே அவனுக்கு இன்னும் வயது வரவில்லை என்பதால்.

இதற்கு உடனே வருகிற மறுமொழி ஒன்று உண்டு, அது எங்களுக்கே உரிய மறுமொழி: “நாங்கள் உண்மையான ஷெல்லடிக்குள்ளேயே வளர்ந்த ஆட்கள், பங்கருக்குள் இருந்து படித்தனாங்கள், இந்த ரிவி வெடிச்சத்தம் என்ன செய்யப்போகுது?” கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் பங்கருக்குள் இருந்த பிள்ளையை யாரும் கேட்டு இறக்கவில்லை, வேறு வழி இருந்திருந்தால் எந்தத் தாயும் அங்கே வைத்திருக்கவும் மாட்டாள். அதிலிருந்து தப்பி வந்தோம் என்பதற்காக அது ஒன்றும் செய்யாது என்று சொல்ல முடியாது. இப்போதும் திருவிழா வெடிக்குத் திடுக்கிட்டு எழும்புகிற ஆட்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் இந்த இடத்தில் யோசிக்கவேண்டும், ஏனென்றால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்கு வரவேற்பறை ரிவியில் இருந்து வரும் துவக்குச் சத்தம் வெறும் கேம் சத்தமாகக் கேட்க வேண்டுமென்று இல்லை. இன்னொன்றும் நடக்கிறது. போர் கேமில் ஹெலிகொப்டர் வருவதைப் பார்த்து “அப்பா, உங்களுக்கு மேலேயும் இப்படி வந்ததா?” என்று சிலவேளை பிள்ளை கேட்கும். அப்போது பதில் சொல்லத் தயாராக இருக்கிறீர்களா? வீட்டில் யாரும் அந்தக் காலத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை, பிள்ளைக்குப் போர் என்றால் என்னவென்று கோல் ஒஃப் டியூட்டிதான் சொல்லிக்கொடுக்கிறது என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது. “இதை விளையாடினால் கொலைகாரன் ஆவான்” என்று ரியூசன் வாத்தியார் தொடங்கி உறவினர்கள் வரை சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் வன்முறைக் கேம்களுக்கும் கோபம், முரட்டுத்தனம் போன்றவற்றுக்கும் சிறிதளவு தொடர்பு இருப்பதாகச் சொன்னாலும், நிஜ வன்முறைக்கு அவற்றைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020இல் தெளிவாகவே அறிவித்தது. 2019இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பதின்ம வயதினரை வைத்துச் செய்த ஆய்வில் அந்தச் சிறு தொடர்பும்கூடத் தெரியவில்லை. ஆகவே பிள்ளையைக் கொலைகாரன் என்று பயமுறுத்தினால் அவன் உங்களை நம்பமாட்டான், அவனுடைய வகுப்பில் பாதிப்பேர் விளையாடுகிறார்கள், ஒருவனும் ஒருவரையும் கொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். சொல்லவேண்டிய காரணங்கள் வேறு: இரவில் பயந்து நித்திரை குழம்புவது, பாலியலை அந்த வயதில் அந்த வடிவத்தில் முதலில் காண்பது, பெண்களைக் காசுக்குக் கிடைக்கும் பொருளாகப் பார்க்கப் பழகுவது, தூஷணம் சாதாரணமாக வாயில் வருவது.

பெட்டியே இல்லாமல் வருகிற கேம் வேறு கதை. கொம்பியூட்டருக்கு விண்டோஸ் போடக் கொடுத்தால் கூடவே நாலைந்து கேமையும் ஏற்றித் தருகிற கடைகள் உண்டு, மிச்சம் நண்பனின் பென் டிரைவில் வரும். அட்டை இல்லை, ஆகவே இலக்கமும் இல்லை. பழைய கேம்தானே, படம்கூடத் தெளிவில்லை என்று 2004இல் வந்த ஜிடிஏ சான் அன்ட்ரியாஸை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அதுவும் எம் தரம்தான். அந்தக் கேமின் நிரலுக்குள் மறைந்துகிடந்த பாலியல் காட்சி ஒன்றை 2005இல் வெளி ஆட்கள் திறந்துவிட, இஎஸ்ஆர்பி அதைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது, கொம்பனி அந்தப் பகுதியை நீக்கிய பிறகே பழைய தரத்துக்கு வந்தது. தரம் போடுகிறவர்கள் பார்ப்பது கொம்பனி காட்டுவதைத்தான், கேமுக்கு மேலே ‘மொட்’ என்று ஆளாளுக்குச் செய்து ஒட்டுவதை யாரும் பார்த்து இலக்கம் போடுவதில்லை. பென் டிரைவில் வந்த கேமுக்குள் என்ன மொட் இருக்கிறது என்று அதைக் கொடுத்த பெடியனுக்கே தெரிந்திருக்காது.

போனுக்கு வருவோம், 2020இல் சூம் வகுப்புக்கு என்று வீட்டுக்குள் வந்த போன்கள் பிறகு திரும்பிப் போகவேயில்லை. பிளே ஸ்ரோரில் கேமின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வயது இலக்கம் இருக்கும். அதைக் கூகுள் ஆட்கள் இருந்து விளையாடிப் பார்த்துப் போடுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். கேம் செய்தவர்கள் ஒரு கேள்விக்கொத்தை நிரப்ப, அந்தப் பதில்களை வைத்து இலக்கம் வருகிறது. பயன் இல்லை என்று சொல்லவரவில்லை, அதை முடிவான தீர்ப்பாக எடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எந்த இலக்கமும் அளக்காத ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் பப்ஜி, ஃபிரீ ஃபயர் மாதிரியான கேம்களில் சுடுவதைவிடப் பெரிய கரைச்சல் அதுதான்: உள்ளே இருக்கும் ஆட்கள். இஎஸ்ஆர்பி தன்னுடைய அறிவிப்பிலேயே ஒன்லைனில் மற்றவர்களோடு நடப்பதற்குத் தரம் போடவில்லை என்று எழுதியே வைக்கிறது. பிள்ளை ஹெட்செட் போட்டுக்கொண்டு யாரோடோ கதைக்கிறது, அம்மம்மாவுக்குச் சத்தம் கேட்காமல் இருக்க நல்லதுதான், ஆனால் மறுபக்கத்தில் என்ன கதை நடக்கிறது என்று உங்களுக்கும் கேட்காது. மறுபக்கம் இருப்பது அதே வகுப்புப் பெடியனாக இருக்கலாம், முப்பது வயது ஆளாகவும் இருக்கலாம், டயமண்ட் (கேமுக்குள் செலவழிக்கிற காசு) வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் படம் அனுப்பக் கேட்கிற ஆளாகவும் இருக்கலாம். அப்படி ஏதாவது நடந்தால் பிள்ளையை ஏசி போனைப் பறிப்பதுதான் முதலில் வருகிற ஆத்திரம், அதைச் செய்தால் அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

காசு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கேம் சும்மா கிடைக்கும், உடுப்புக்கும் துவக்குக்கு நிறம் மாற்றுவதற்கும் டயமண்ட் வேண்டும், ரீலோட் காசு எங்கே போகிறது என்று அப்பாவுக்கு விளங்காது. 3 என்று போட்டிருக்கும் உதைபந்தாட்டக் கேமில்கூட எந்த வீரர் வருவார் என்று தெரியாமல் காசு கட்டி வாங்கும் பக்கெற்றுகள் இருக்கின்றன, லொத்தர்ச் சீட்டு சுரண்டுகிற மாதிரித்தான். அட்டையில் வயது இலக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இதையும் போட்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த பிளேஸ்டேஷன் கணக்கு. மாமா வந்த உற்சாகத்தில் தன்னுடைய பெயரிலேயே கணக்கைத் திறந்து, தன்னுடைய காட் இலக்கத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். விளையாடுவது ரொறன்ரோவில் இருக்கும் நாற்பத்திரண்டு வயது மனுஷன் என்று பெட்டி நம்பிக்கொண்டிருக்கும், ஒரு கட்டுப்பாடும் வேலை செய்யாது. பிள்ளைக்கு உண்மையான பிறந்த திகதியோடு தனிக் கணக்குத் திறந்து, பெற்றோர் கணக்கோடு இணைத்துவிட்டால் வயது மீறிய கேம் திறக்காமலும், குரல் அரட்டை இல்லாமலும், செலவுக்கு ஓர் எல்லையோடும் வைக்கலாம். போனில் பிளே ஸ்ரோர் அமைப்புக்குள் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு ஒரு பின் இலக்கம் போடலாம், ஆனால் அது பிளே ஸ்ரோரில் இருந்து இறக்குவதைத்தான் தடுக்கும், நண்பன் புளூரூத்திலோ ஷெயார்இட்டிலோ அனுப்புகிற கேமை அது தடுக்காது. தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்லி இந்தப் பின் இலக்கத்தைப் பிள்ளையிடமே போடச் சொல்கிற பெற்றோரும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்ல!

பக்கத்தில் இருந்து பார்க்கிற ஐந்து வயதுத் தங்கச்சியை மறந்துவிடுகிறோம். அண்ணனுக்குப் பதினாறு, அவனுக்குச் சரி என்றாலும் ரிவி இருப்பது வரவேற்பறையில். அவள் நித்திரைக்குப் போன பிறகு விளையாடட்டும்.

கடைசியாக, இதையெல்லாம் வாசித்துவிட்டு இன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கி அலுமாரிக்குள் பூட்டுவது. பெடியன் ரியூசன் முடிந்ததும் நண்பன் வீட்டுக்குப் போவான், அங்கே நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே சட்டம் போடவும் முடியாது. சின்னவனிடம் இருந்து எடுக்கும்போது கையில் வேறொன்றைக் கொடுங்கள், மைன்கிராஃப்ட் பெகியில் 7 வயதுக்கு உரியது, கார் ஓட்டம்தான் வேண்டுமென்றால் ஆட்களைச் சுடாத கார் கேம் எத்தனையோ இருக்கிறது. ஓ/எல் எடுக்கிற வயதில் உள்ளவனோடு என்றால் இருந்து கதைக்கலாம், எந்தக் கேம், அதில் என்ன வருகிறது, யாரோடு விளையாடுகிறாய் என்று. ஓர் அரைமணித்தியாலம் பக்கத்தில் இருந்து நீங்களும் கொன்ட்ரோலரைப் பிடித்துப் பாருங்கள். முதல் நிமிஷத்திலேயே செத்துப்போவீர்கள், அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்போடு அவனே சொல்லத் தொடங்குவான் எந்தக் கட்டம் தனக்கும் பிடிக்கவில்லை என்று.