ரோபோவ வச்சு வைஃபை டெஸ்ட்பெட் செய்யுறது எப்படி

லேப்டாப்ப கையில தூக்கிட்டு நடந்து சிக்னல் அளக்குறவங்களுக்கு ஒரு பிரச்சினை தெரியும், நேத்து நடந்த அதே பாதை இன்னைக்கு வராது. வைஃபைய ஒரே மாதிரி திரும்பத் திரும்ப சோதிச்சுப் பாக்குற அமைப்புதான் டெஸ்ட்பெட், அதுல ரோபோ வேணும்னு சொல்றது அதுக்குத்தான். அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல மொபைல் எமுலேப்னு இதையேதான் செஞ்சாங்க, ஸ்டோனி புரூக்ல தரை கூட்டுற ரூம்பா மேல ரேடியோவ ஏத்தி ஓட்டினாங்க, ரெண்டுமே 2006 வாக்குல வெளியான வேலை.

ரூம்பா மாதிரி ஒரு அடிவண்டி, மேல ராஸ்பெர்ரி பைங்குற குட்டி கம்ப்யூட்டர், தனியா ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள். ஆன்டெனா கழட்டுற மாதிரி டாங்கிளா பாத்து வாங்குங்க, ஏன்னா நடுவுல அட்டெனுவேட்டர், அதாவது சிக்னல வேணும்னே குறைக்குற சின்ன துண்டு, போடணும். அனுப்புறது, வாங்குறதுன்னு ரெண்டு முனையிலயும் 10 டிபி (டெசிபெல்) போட்டா மொத்தம் 20 டிபி குறையும், திறந்தவெளி கணக்குப்படி 3 மீட்டர் தூரம் 30 மீட்டர் மாதிரி நடந்துக்கும், சின்ன ரூமே போதும்.

இப்போ முக்கியமான விஷயம், ரோபோ எங்க நிக்குதுன்னு துல்லியமா தெரியணும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளமே 12.5 செ.மீ. தான், சுவர்ல பட்டு திரும்புற அலையும் நேரா வர்ற அலையும் மோதுறதால அஞ்சாறு செ.மீ. தள்ளி நின்னாலே அளவு தலைகீழா மாறும். தரையில சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டினப்போ வண்டி நாலு விரக்கடை தள்ளி நின்னுச்சு, சிக்னல் அளவு மைனஸ் 52 டிபிஎம் காட்டின இடத்துல இன்னும் பலவீனமா மைனஸ் 66, நான் ரெண்டு நாள் வைஃபை டிரைவர் மென்பொருள் கோளாறுன்னு தேடிட்டு இருந்தேன்! சக்கரம் வழுக்கும், அதனால ஓடோமெட்ரிய, அதாவது சக்கரம் சுத்தினத வச்சு இடம் கணக்கு போடுறத, மட்டும் நம்பாதீங்க. சீலிங்ல ஒரு கேமரா, ரோபோ தலையில ஆருகோ மார்க்கர் (கேமரா அடையாளம் காணுற கருப்பு வெள்ளைக் கட்டம்), இது போதும். ஆனா கேமராவ தரை மட்டத்துக்கு கேலிபிரேட் பண்ணிடாதீங்க, மார்க்கர் இருக்குற உயரத்துக்கு பண்ணணும், இல்லன்னா ஓரத்துக்குப் போகப்போக இடம் தப்பா காட்டும். வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்குறதையும் பதிவு பண்ணுங்க, பேட்டரியும் மோட்டாரும் சிக்னல மறைக்கும்.

ரோபோவுக்கு கட்டளை போறது 5 கிகாஹெர்ட்ஸ்ல, சோதனை 2.4ல, ரெண்டையும் கலக்கவே கூடாது. கலந்தா நீங்க அளக்குறது உங்க கட்டளை டிராஃபிக்கையும் சேத்துத்தான். ராஸ்பெர்ரி பை 4ல ஆர்டிசி, அதாவது கரண்ட் இல்லாதப்பவும் ஓடுற கடிகாரம், கிடையாது, எல்லாத்துலயும் குரோனிங்குற நேரம் சரிபண்ற மென்பொருள் போட்டு நேரத்த ஒண்ணாக்குங்க, அப்பதான் நெட்வொர்க் பாக்கெட்டுகள பதிவு பண்ற டிசிபிடம்ப் லாகும் கேமரா லாகும் பொருந்தும்.

முதல்ல ஒரே ஒரு ரோபோ. ஒரே புள்ளிக்கு இருபது தடவ அனுப்புங்க, ஆளில்லாத ராத்திரி நேரமா பாத்து. இருபதும் கிட்டத்தட்ட ஒரே அளவா வந்தா ரெண்டாவது ரோபோவ இறக்குங்க.