சாலரி சாக்ரிஃபைஸில் லேப்டாப்: 28 என்று காட்டி 8 தரும் கணக்கு

வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆபீஸ் மின்னஞ்சலில் அந்த விளம்பரம் வந்து விழும். லேப்டாப் எடுங்கள், முன்பணம் வேண்டாம், வட்டி வேண்டாம், மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறோம், வரியும் மிச்சம். சாமானுக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் சாலரி சாக்ரிஃபைஸ் என்று பெயர். பிரிட்டனில் மருத்துவமனை, கவுன்சில், ஐடி கம்பெனி என்று வேலை பார்ப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு தடவை எடுத்தேன். மோசம் போனேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாபம் என்று நினைத்ததில் முக்கால்வாசி லாபமே இல்லை என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது.

காரணம், பே ஸ்லிப்பை நம்பியது. 900 பவுண்டு லேப்டாப், 12 மாதம், மாதம் 75 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் 35,000. அந்த 75-ஐ விட்டுக்கொடுத்தால் கைக்கு வரும் பணத்தில் 54 பவுண்டுதான் குறையும். 20 சதவீத வருமான வரியும், அரசு பென்ஷன் மாதிரி சலுகைகளுக்காகப் பிடிக்கும் 8 சதவீத நேஷனல் இன்சூரன்சும் பிடிக்காததால் வந்த வித்தியாசம் இது. ஆக 900 பவுண்டு சாமான் 648-க்கு வந்துவிட்டது என்று மனசு துள்ளும்.

துள்ள வேண்டாம். அந்த 20 சதவீதம் இரவல் பணம். 2017 ஏப்ரல் 6-ஆம் தேதி விதியை மாற்றிவிட்டார்கள். லேப்டாப், போன், டிவி மாதிரி சாமான்களுக்காக விட்டுக்கொடுத்த சம்பளத்துக்கும் வருமான வரி கட்டியாக வேண்டும். சில கம்பெனிகள் அதை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடும், அது நல்லது. மற்றவை வருடம் முடிந்ததும், சம்பளம் போகக் கம்பெனி தந்த சலுகைகளைக் காட்டும் பி11டி படிவத்தில் 900 பவுண்டு என்று எழுதி வரித்துறையான ஹெச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பும். அப்புறம் ஒருநாள் பழுப்பு உறையில் கடிதம் வரும். எவ்வளவு வருமானத்துக்கு வரி இல்லை என்று காட்டும் டாக்ஸ் கோடு 1257எல் என்று இருந்தது 1167எல் ஆகியிருக்கும். வரியில்லாத வருமானமான 12,570-இல் 900-ஐக் கழித்து, பாக்கி 180 பவுண்டைப் பிடிக்கிறார்கள். லேப்டாப்பின் நிஜ விலை 828.

எனக்கு வந்தது 1077எல். போன வருட பாக்கிக்கு ஒரு 900, இந்த வருடமும் அதே சலுகை தொடர்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு இன்னொரு 900. தவணை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. போன் செய்து அரை மணி நேரம் பாட்டுக் கேட்டபிறகு சரிசெய்தார்கள். தவணை முடிந்ததும் ஆன்லைன் கணக்கில் டாக்ஸ் கோடைப் பார்க்காமல் விடுவது, கடிதத்தைப் பிரிக்காமல் மேசை டிராயரில் போடுவது, இரண்டும் கூடாது.

ஆக, கையில் நிற்பது 8 சதவீதம், 900-க்கு 72 பவுண்டு. வருடம் 50,270 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த மேல்பகுதிக்கு நேஷனல் இன்சூரன்ஸ் 2 சதவீதம்தான் என்பதால் மிச்சம் 18 பவுண்டு. சம்பளம் கூடினால் சலுகையும் கூடும் என்பது இங்கே தலைகீழ். ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியவர்கள், வருமானத்தைக் குறைத்துக் காட்ட இது உதவும் என்று எடுத்தால் வீண். லேப்டாப்பின் மதிப்பு வருமானக் கணக்கில் திரும்பச் சேர்ந்துவிடும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம், கம்பெனியின் சலுகைப் பக்கத்தில் லேப்டாப்போடு சைக்கிளும் பென்ஷனும் மின்சாரக் காரும் வரிசையாக இருப்பது. அவற்றை 2017 விதியிலிருந்து விலக்கிவிட்டார்கள். சைக்கிள் எடுத்த நண்பர் "28 சதவீதம் மிச்சம்டா" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மை, அவருடைய சைக்கிளுக்கு. பழைய ஆட்கள் கம்ப்யூட்டரையே பாதி விலைக்கு வாங்கினோம் என்பார்கள். அதுவும் உண்மைதான், 1999-இல் வந்த அந்த வரிவிலக்கை 2006 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். மெல்போர்ன் மச்சானின் யோசனையையும் இங்கே கொண்டுவரக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் வேலைக்கே பயன்படும் லேப்டாப்புக்குத் தனி வரிவிலக்கு உண்டு, அங்கே கணக்கே வேறு.

இப்போது அந்த 72 பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். திட்டத்தின் பட்டியலில் பெரும்பாலும் முழு விலைதான் போட்டிருப்பார்கள். அதே மாடல், அதே எண், வெளியே 820-க்குக் கிடைத்தால் கதை முடிந்தது. மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து ரேம் பாதியாக இருக்கும். கிரெடிட் கார்டில் வாங்கினால் இன்னொரு காப்பும் உண்டு: 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை, கடைக்காரர் கைவிரித்தால் 1974-ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு கம்பெனியிடம் கேட்கலாம். சம்பளத்தில் பிடித்து வாங்கினால் அந்தக் கதவு கிடையாது.

அப்புறம், சம்பளம் குறைந்தால் கூடவே என்னென்ன குறையும் என்று யாரும் சொல்வதில்லை. இது வேலை ஒப்பந்தத்தையே மாற்றிச் சம்பளத்தைக் குறைப்பது, வெறும் தவணைப் பிடித்தம் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனி பென்ஷனுக்குக் குறைந்தபட்ச 3 சதவீதம் மட்டும் போடுகிறது, அதையும் குறைந்த சம்பளத்தில் கணக்கிடுகிறது என்றால் 27 பவுண்டு போச்சு. அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் 2015 பென்ஷனில் ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54-இல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேரும். 900 குறைந்தால் ஓய்வுக்குப்பின் வருடாவருடம் சுமார் 17 பவுண்டு குறையும். கட்டும் சந்தாவும் கொஞ்சம் குறையும்தான், இருந்தாலும் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு.

குழந்தை எதிர்பார்ப்பவர்கள் கட்டாயம் தள்ளிப்போடுங்கள். சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தில் முதல் 6 வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90 சதவீதம். பிரசவத் தேதிக்கு ஏறக்குறைய 15 வாரம் முன்னால் முடியும் 2 மாதச் சம்பளத்தை வைத்து அந்தச் சராசரியைப் போடுவார்கள். மாதம் 75 குறைந்திருந்தால் 6 வாரத்தில் 93 பவுண்டு போகும். வரியெல்லாம் கழித்தாலும் 67. சேமித்த 72 எங்கே?

குறைந்தபட்சக் கூலிக்குப் பக்கத்தில் வாங்குபவர்களுக்கு, உதாரணமாகக் கேர் ஹோமில் இருப்பவர்களுக்கு, இந்தத் திட்டமே கிடைக்காது. பிடித்தத்துக்குப் பிறகு சம்பளம் அந்த எல்லைக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். விசாவில் இருந்து, சம்பளமும் விசா வரம்பை ஒட்டி இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

வேலைக்குத்தான் லேப்டாப் வேண்டும் என்றால் கம்பெனியையே வாங்கித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு சொந்தக் காசில் வாங்குபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகும் சிலருக்கு இது சரியாக வரும். கையில் மொத்தமாகப் பணம் இல்லை, கார்டில் போட்டால் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி, பட்டியல் விலையும் வெளிவிலையும் ஒன்று என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வேலை மாறும் எண்ணம் இருந்தால் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். தவணை முடியும்வரை லேப்டாப் யாருடையது? பல திட்டங்களில் அது கம்பெனியுடையது, கடைசியில் ஒரு சிறு தொகை கட்டினால்தான் உங்கள் பெயருக்கு வரும். நடுவில் விலகினால் என்ன ஆகும்? பொதுவாக மிச்சத் தவணை மொத்தத்தையும் கடைசிச் சம்பளத்தில், வரி கழித்த பணத்தில் பிடிப்பார்கள். 4 தவணை பாக்கி என்றால், புது வேலையில் முதல் சம்பளம் வர 5 வாரம் ஆகும் நேரத்தில் கையில் 300 பவுண்டு குறைவாக வரும்.