துடிக்கும் தட்டில் நீள் கியூடி நோயை அளப்பது எப்படி?

ஆய்வகத் தட்டில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இதயச் செல்கள் முதன்முதலாகத் துடிப்பதைக் கண்டதும் காணொளி எடுத்து நண்பர்களுக்கு அனுப்பாதவர்கள் எங்கள் துறையில் குறைவு. நானும் அனுப்பினேன். ஆனால் துடிக்கிறது என்பது மட்டும் நீள் கியூடி நோயைப் பற்றி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகும் நோயைப் பற்றி, எதுவும் சொல்லாது.

ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யாமனாக்காவின் குழு 2006இல் எலியின் செல்களையும் 2007இல் மனிதத் தோல் செல்களையும், எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது. 2010, 2011இலேயே நீள் கியூடி நோயாளிகளின் செல்களிலிருந்து இதயச் செல்கள் உருவாக்கப்பட்டுவிட்டன. இங்கே அந்நோயின் இரண்டாம் வகையை எடுத்துக்கொள்வோம். கேசிஎன்எச்2 மரபணுப் பிழையால் செல் சவ்வில் பொட்டாசியத்தை வெளியேவிடும் பொட்டாசியம் கால்வாய் சரிவர வேலை செய்யாது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல்லின் மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகும்.

படி 1: இணைச் செல்கள். நோயாளியின் செல்களை ஊர்பேர் தெரியாத ஒருவரின் செல்களோடு ஒப்பிடாதீர்கள். இருவருக்கும் இடையே ஆயிரம் மரபணு வேறுபாடுகள் இருக்கும். அதே நோயாளியின் ஸ்டெம் செல்லில் அந்த ஒரு பிழையை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் திருத்தி, இரண்டையும் அருகருகே வளர்க்க வேண்டும். செலவு அதிகம்தான், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

படி 2: இதயச் செல்லாக மாற்றுதல். ஸ்டெம் செல்களால் தட்டு கிட்டத்தட்ட நிரம்பியதும் சிர்99021 என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, செல்லின் வளர்ச்சிப் பாதையை வழிநடத்தும் விண்ட் சமிக்ஞையைத் தூண்டுங்கள். ஒரு நாள் கழித்து ஊடகத்தை (செல்கள் வளரும் சத்து நீர்மத்தை) மாற்றுங்கள். மூன்றாம் நாள் ஐடபிள்யூபி2 என்ற தடுப்பானைப் போட்டு அதே சமிக்ஞையை அடக்குங்கள். ஏறத்தாழ ஏழாம் நாள்வரை ஊடகத்தில் இன்சுலின் கூடாது. சிர்99021இன் அளவு செல்வரிசைக்கு (ஒரே மூலத்திலிருந்து வளர்த்த செல் கூட்டத்துக்கு)ச் செல்வரிசை மாறும். சிறு தட்டுகளில் 6 முதல் 12 மைக்ரோமோலார் வரை முயன்று பாருங்கள். எட்டாம் நாளுக்கு மேல் துடிப்பு தொடங்கும்.

படி 3: களையெடுப்பு. குளுக்கோஸ் இல்லாத, லாக்டேட் உள்ள ஊடகத்தில் சில நாட்கள் வைத்தால் இதயச் செல்கள் லாக்டேட்டைத் தின்று பிழைக்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை மடியும்.

படி 4: பொறுத்திருத்தல். ஒரு மாதமாவது விடுங்கள். அப்போதும் இவை கருவின் இதயச் செல்களை ஒத்தவைதான். தாமாகவே துடிப்பது அந்த முதிர்ச்சியின்மையின் அடையாளம்.

படி 5: அளத்தல். அடியில் நுண்ணிய மின்முனைகள் பதித்த நுண்மின்முனைத் தட்டில் செல்களைப் பரப்பி, ஒவ்வொரு துடிப்பின் மின் சமிக்ஞையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற மின்புலக் கால அளவைப் பதியுங்கள். இசிஜியில் துடிப்பின் மின்னலை தொடங்கி அடங்கும்வரையான கியூடி இடைவெளிக்கு இது ஏறத்தாழ இணை. என் முதல் பதிவில் எல்லாத் தட்டுகளிலும் காலம் நீண்டிருந்தது, திருத்திய செல்களிலும்கூட! காரணம், நான் சூடேற்றியை இயக்க மறந்திருந்தேன். குளிர்ந்தால் துடிப்பும் குறையும், காலமும் நீளும். 37 டிகிரியில் தட்டு நிலைபெற்ற பிறகே பதியுங்கள்.

பதிந்த காலத்தைத் துடிப்பின் வேகத்துக்கேற்பச் சரிசெய்யவும் வேண்டும். 400 மில்லிவினாடி கிடைத்து, துடிப்புகளுக்கிடையே 1.5 வினாடி இருந்தால், 400ஐ 1.5இன் கனமூலத்தால் வகுத்தால் சுமார் 349 வரும். இப்படிச் சரிசெய்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 6: மருந்துச் சோதனை. திருத்திய செல்களில் ஈ-4031 என்ற பொட்டாசியம் கால்வாய் அடைப்பானைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சேர்த்துவாருங்கள். காலம் நீண்டால், உங்கள் தட்டு அந்தப் பொட்டாசியம் கால்வாயை உண்மையிலேயே நம்பித் துடிக்கிறது என்று பொருள். அசையவே இல்லையென்றால், அந்தத் தொகுதியின் நோயாளிச் செல்களில் எவ்வளவு அழகான வேறுபாடு தெரிந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.