பழைய பிலிம் லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸைக் கேமராவின் வாயில் வைத்துத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பிலிம் காலத்து லென்ஸ்களை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவில் பயன்படுத்த நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் பிறந்தவை. மாட்டிக்கொள்வது வேறு, வேலை செய்வது வேறு. சில லென்ஸ்கள் பொருந்தவே பொருந்தா. அதனால் நட்டம் ஒன்றுமில்லை. சில பொருந்தும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். இன்னும் சில பொருந்துவதுபோல் உள்ளே போய்க் கேமராவின் உறுப்பையே உடைத்துவிடும்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன் ஒரு தோல் உறையோடு வந்தான். உள்ளே என் அப்பாவின் பழைய நிக்கார் 50 மி.மீ. லென்ஸ். அவன் கையில் நிக்கானின் டி3000 வரிசைக் கேமரா ஒன்று. "மாமா, இரண்டும் ஒரே கம்பெனி, மாட்டிப் பார்க்கட்டுமா?" என்றான். "பொறு, முதலில் லென்ஸின் பின்பக்கத்தைக் காட்டு" என்றேன்.

ஒரே கம்பெனி என்பதால் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கைதான் மிக ஆபத்தானது. நிக்கான் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்டின் (லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வாய்ப்பகுதி) அடிப்படை வடிவத்தை அதன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வரை மாற்றவில்லை. ஆனால் 1977இல் ஏ.ஐ. என்ற புதிய ஏற்பாடு வந்தது. லென்ஸில் எந்த அபெர்ச்சர் (ஒளி புகும் துளையின் அளவு) வைத்திருக்கிறோம் என்பதைக் கேமராவுக்குச் சொல்வதற்காக மவுண்ட்டின் ஓரத்தில் ஒரு சிறு நெம்புகோல் சேர்ந்தது. ஏ.ஐ. லென்ஸ்களில் அபெர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு அந்த நெம்புகோலுக்கு இடம்விட்டு வெட்டப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய லென்ஸ்களில் விளிம்பு சுற்றிலும் முழு உயரத்தோடு நிற்கும். அப்படிப்பட்ட லென்ஸை டி200, டி700, டி7000, டி750 போன்ற கேமராக்களில் திருகினால் விளிம்பு நெம்புகோலின் மேல் ஏறி அதை வளைத்துவிடும், உடைத்தும்விடும். கை கொஞ்சம் தடுக்கிறது என்று உணர்ந்தும் இன்னும் ஒரு முறை அழுத்தித் திருகுபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடையாளம் காண்பது எளிது. அபெர்ச்சர் வளையத்தின் மேல் முயல் காதுபோல் ஓர் உலோகக் கவ்வி இருக்கும். அதில் ஓட்டைகள் இல்லாமல் கெட்டியாக இருந்தால், பெரும்பாலும் ஏ.ஐ.க்கு முந்தையது. ஓட்டைகளும், வளையத்தில் இரண்டு வரிசையாக அபெர்ச்சர் எண்களும் இருந்தால் அது ஏ.ஐ. பழைய லென்ஸ்களில் பிற்காலத்தில் வளையத்தை மாற்றிக்கொண்டவையும் உண்டு. ஆகவே கவ்வியை மட்டும் நம்பாமல் பின்விளிம்பையும் பார்த்துவிடுவது நல்லது.

அப்பாவின் லென்ஸில் கவ்வி கெட்டி, விளிம்பும் முழு உயரம். ஆனால் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த நெம்புகோலே கிடையாது. விலை குறைந்த கேமராவில் ஓர் உறுப்பைக் குறைத்ததே இங்கே பாதுகாப்பாகிவிட்டது. கேமராவின் மீட்டர் மட்டும் வேலை செய்யாது. ஒளியை நாமே கணிக்க வேண்டும்.

நிக்கான் வைத்திருப்பவர்களைக் குழப்பும் இன்னொன்று, திரையில் மின்னும் 'எஃப்.ஈ.ஈ.' என்ற மூன்றெழுத்து. பிலிம் காலத்தின் கடைசிப் பகுதியில் வந்த ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களை மாட்டினால் இது அடிக்கடி வரும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று விற்கக் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அபெர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய துளைக்குத் திருப்பிப் பூட்டுவது. 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸில் அது 22. அதன்பின் துளையைக் கேமராவிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்த லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கேமராவின் மோட்டார்தான் அவற்றைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லாததால் ஃபோகஸ் கையால்தான். டி90, டி7000 போன்றவற்றில் தானாகவே நடக்கும். பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் இரண்டு மூன்று வீட்டில் இருந்தால், புதிய கேமரா வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த மோட்டாரைப் பற்றியதுதான்.

மற்ற கம்பெனிகளின் கதை வேறு வேறு. கேனன் 1987இல் ஈ.ஓ.எஸ். கேமராக்களோடு இ.எஃப். மவுண்ட்டைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வந்த அதன் சொந்த இ.எஃப். லென்ஸ்கள் எல்லாம் அதன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் வேலை செய்கின்றன. அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ்கள் பொருந்தா. மினோல்டா 1985இல் தொடங்கிய ஏ மவுண்ட்டை 2006இல் சோனி ஏற்றுக்கொண்டதால் அந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது. அதற்கு முந்தைய எம்.டி. லென்ஸ்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய லென்ஸ்களிடம் மிகவும் தாராளமாக நடந்துகொள்வது பென்டாக்ஸ். 1975இல் வந்த கே மவுண்ட் லென்ஸ்கள் இன்றும் அதில் மாட்டுகின்றன. மிகப் பழையவற்றுக்கு, அபெர்ச்சர் வளையத்தை அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் மாற்ற வேண்டும். அது தெரியாமல் 'ஷட்டர் விழவில்லை' என்று கைவிடுபவர்கள் நிறைய. ஒரே ஒரு எச்சரிக்கை: ரிக்கோ பெயரில் வந்த சில கே மவுண்ட் லென்ஸ்களில் கூடுதலாக ஒரு சிறு முள் இருக்கும். அது பென்டாக்ஸின் ஃபோகஸ் திருகுக் குழிக்குள் இறங்கினால் லென்ஸைக் கழற்றவே முடியாமல் போகலாம்.

பொருந்தாதவற்றுக்கு அடாப்டர் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒவ்வொரு மவுண்ட்டுக்கும், அதிலிருந்து பிலிம் வரையிலான தூரம் நிர்ணயிக்கப்பட்டது. நிக்கான் எஃப் 46.5 மி.மீ., எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் 45.46, கேனன் இ.எஃப். 44, பழைய கேனன் எஃப்.டி. 42. லென்ஸின் தூரம் கேமராவின் தூரத்தைவிட அதிகமாக இருந்தால், அந்த இடைவெளியை ஓர் உலோக வளையத்தால் நிரப்பிவிடலாம். அதனால்தான் நிக்கான் லென்ஸும் எம்42 லென்ஸும் கேனன் கேமராவில் அழகாக அமர்கின்றன. குறைவாக இருந்தால், பிலிமின் இடத்தில் இப்போது இருக்கும் சென்சாரைவிட்டு லென்ஸ் சற்றே தள்ளிப்போகும். கைக்கெட்டும் தூரத்துப் பூவில் ஃபோகஸ் கிடைக்கும், எதிர்த் தெருக் கோபுரத்தில் கிடைக்காது. எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டினால் நடப்பது இதுதான். இதைச் சரிசெய்ய நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள். மலிவானவற்றில் அந்தக் கண்ணாடி, நல்ல லென்ஸின் கூர்மையைக் கொன்றுவிடுகிறது. நான் ஒன்று வாங்கி, இரண்டே நாளில் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். அதை வாங்காமலே அந்தப் பணத்தைச் சேமியுங்கள்.

லென்ஸ் சரியாக மாட்டியபின் வருகிற ஏமாற்றம் ஒன்று உண்டு. பிலிமின் அளவு 36க்கு 24 மி.மீ. பெரும்பாலான கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 24க்கு 16 மி.மீ.தான், அது லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கிறது. லென்ஸின் மி.மீ. எண் நிக்கானில் 1.5, கேனனில் 1.6 மடங்கு ஆனதுபோல் என்று கணக்கு. கல்யாண மண்டபத்தில் 28 மி.மீ. லென்ஸால் மேடை முழுவதையும் சொந்தபந்தங்களோடு அடக்கி எடுத்தவருக்கு, இப்போது அது 42 மி.மீ. போல நடந்துகொள்ளும். பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டும், மாப்பிள்ளையின் சித்தப்பா அப்போதும் படத்துக்கு வெளியேதான் நிற்பார். ஆகவே, 'லென்ஸ்தான் இருக்கிறதே' என்று கேமரா உடலை மட்டும் வாங்குவது தவறு. கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸையும் வாங்கிக்கொள்ளுங்கள். அகலக் காட்சிக்கு அது வேண்டும். மறுபக்கம், 50 மி.மீ. லென்ஸ் 75 போலாகி முகப்படங்களுக்கு அருமையாக அமைந்துவிடுகிறது. பிலிம் காலத்து லென்ஸ்களில் இரண்டாம் வாழ்வுக்கு முழுத் தகுதியுள்ளது என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அந்த 50ஐத்தான் சொல்வேன். அந்தக் காலத்து மலிவான 28-80, 70-300 ஜூம்களுக்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பிலிமில் தெரியாத ஊதா விளிம்புகளையும் மங்கலையும் சென்சார் பட்டவர்த்தனமாகக் காட்டிவிடும்.

கையால் ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டரை மட்டும் நம்பாதீர்கள். பழைய கேமராவில் நடுவே பிளந்து தெரியும் வட்டம் இருந்தது. இரண்டு பாதியும் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. இப்போதுள்ள வியூஃபைண்டரில் அது இல்லை. 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து, ஒன்றரை மீட்டரில் உள்ள முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். மூச்சுவிடும்போது உடல் அசைந்தாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். அசையாத பொருளென்றால் லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையின் நேரடிக் காட்சியில், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்களென்றால் எஃப்/4க்கு வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் லென்ஸ் நல்ல நிலையில் இருந்தால்தான். தோல் உறையில் பல ஆண்டு கிடந்த லென்ஸில், அதுவும் சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில், பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். இரவில் விளக்கை அணைத்து, ஒரு டார்ச் ஒளியைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாகச் செலுத்துங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் படர்ந்தது தெரிந்தால் அது பூஞ்சை. அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். உள்ளே இருப்பதை வெளியே துடைத்துப் பயனில்லை. அடுத்து, பின்பக்கத்திலுள்ள அபெர்ச்சர் நெம்பை விரலால் தள்ளிவிடுங்கள். இதழ்கள் சட்டென்று பாய்ந்து திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. படம் எடுக்கும் கணத்தில் துளை உரிய அளவுக்குச் சுருங்காது, படங்கள் வெளுத்துப்போகும். கேமராவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

பழைய லென்ஸோடு பழைய ஃப்ளாஷும் பெட்டியிலிருந்து வெளியே வரும். அதை மட்டும் யோசிக்காமல் மாட்டாதீர்கள். சில பழைய ஃப்ளாஷ்களின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மல்டிமீட்டரால் அளந்து, கேமரா கையேட்டில் சொன்ன வரம்போடு ஒப்பிட்டபிறகே மாட்ட வேண்டும்.

அன்று அப்பாவின் லென்ஸை டார்ச் வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் கொஞ்சம் தூசி, பூஞ்சை இல்லை. கேமராவை எம் முறைக்கு, அதாவது எல்லாவற்றையும் கையால் அமைக்கும் மேனுவல் முறைக்கு, மாற்றினோம். வேறு முறைகளில் ஷட்டர் விழாது. "மீட்டர் இல்லாமல் எப்படி மாமா?" என்று கேட்டவனுக்கு அப்பா சொல்லித்தந்த கணக்கைச் சொன்னேன்: நல்ல வெயிலில் துளை 16, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு எண்) எவ்வளவோ ஷட்டர் வேகமும் அவ்வளவு; ஐ.எஸ்.ஓ. 200 என்றால் வினாடியில் 200இல் ஒரு பங்கு. நிழலுக்கு வர வர நான்கைந்து படி துளையைத் திறந்துகொண்டே போக வேண்டும். திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவை எடுத்தான். முதல் படம் இருட்டு. இரண்டாவது வெளுப்பு. மூன்றாவதில் அவள் விரலிடையே இருந்த வாழைநாரின் இழைகூடத் தெரிந்தது.