மலிவு டிரில் பிட் சரி, மலிவு டேப் வேண்டாம்

மலிவான வெட்டுக்கருவியைக் கையில் எடுத்ததும் நான் யோசிப்பது ஒன்றைத்தான்: வேலையின் நடுவில் இது முறிந்தால் என்ன ஆகும்? டிரில் பிட் மழுங்கினால் கழற்றிச் சாணை பிடிக்கலாம். துளைக்குள் மரை வெட்டும் டேப் உள்ளேயே முறிந்தால் கதை வேறு. உள்ளே சிக்கிய துண்டை டிரில் பிட்டால் துளைத்தெடுக்க முடியாது. அது பிட்டளவுக்கே கடினமானது. பாதி நாள் உழைத்த உருப்படி பழைய இரும்புக்குப் போகும். ஆகவே டேப்பில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

டிரில் பிட்டை மலிவாகவே வாங்குங்கள், ஆனால் சோதித்து வாங்குங்கள். ஷாங்கில் (இயந்திரம் பிடிக்கும் தண்டுப் பகுதியில்) எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல், சூடு தாங்கும் எஃகு) என்று பொறித்திருப்பதையும் தங்க நிறத்தையும் நம்பிவிட வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, முனையைச் சாணைக்கல்லில் லேசாகத் தொடுங்கள். வெண்மஞ்சளாக, பூப்பூவாகப் பொறி வெடித்தால் அது வெறும் கார்பன் எஃகு. மங்கிய சிவப்பில், அதிகம் வெடிக்காத கோடுகளாக வந்தால் எச்.எஸ்.எஸ். நல்லதென்று தெரிந்த ஒரு பிட்டின் பொறியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குழப்பமே இராது. கார்பன் எஃகு முனை சூட்டில் ஒருமுறை நீலம் பாய்ந்தால் கடினத்தை இழந்துவிடும், எச்.எஸ்.எஸ். அந்தச் சூட்டைத் தாங்கும்.

பிறகு பிட்டைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். வளைந்திருந்தால் ஆடும். முனையின் இரண்டு வெட்டு விளிம்புகளும் சம நீளமா என்று பாருங்கள்; சமமில்லையென்றால் துளை அளவைவிடப் பெரிதாகும். மலிவுப் பிட்டுகளில் இந்தக் குறை சாதாரணம். முனைக் கோணம் 118 பாகை வரும்படி, இரு விளிம்பும் சமமாகச் சாணை பிடித்தால் சரியாகிவிடும்.

கருவியைத் திட்டுகிறவர்களில் பலர் வேகத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மைல்டு ஸ்டீலில் (சாதாரண மென் எஃகில்) 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு நிமிடத்துக்கு 900 சுற்றுக்குமேல் தேவையில்லை. மலிவுப் பிட் என்றால் 600-இல் வைத்து எண்ணெய் விடுவேன். ஸ்டெயின்லெஸ் என்றால் மலிவுப் பிட்டைத் தொடவே மாட்டேன். அழுத்தம் குறைந்து முனை தேய்த்தால்கூட உலோகம் இறுகிவிடும். 5 சதவீதம் கோபால்ட் உள்ள எம்35 பிட்டே அதற்கு ஏற்றது.

லேத் இன்சர்ட் (கடைசல் கருவியில் மாட்டும், மாற்றக்கூடிய வெட்டுமுனை) மலிவானதே மைல்டு ஸ்டீலுக்குப் போதும். அலுமினியத்துக்குக் கூரிய விளிம்புள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

டேப் வாங்கும்போது அதற்கு முன் துளை போடும் பிட்டையும் நல்லதாக எடுத்துவிடுங்கள்: எம்6 மரைக்கு (6 மி.மீ. விட்டம்) 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ. அரை மி.மீ. இடைவெளியில் வரும் மலிவுப் பெட்டிகளில் இந்த 6.8 இருக்காது.