பிரெஞ்சு வகுப்பில் பண்பாடு: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்த பிள்ளையிடம் பிரான்ஸைப் பற்றிக் கேளுங்கள். ஈபிள் கோபுரம், குரோசான், வட்டத் தொப்பி என்று பதில் வரும். எட்டாம் வகுப்பு முடிக்கும்போதும் அதே மூன்றுதான் வருகிறது என்றால், பண்பாட்டை மொழியிலிருந்து கழற்றி, பாடம் சீக்கிரம் முடிந்த நாளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று பொருள்.

முதல் தவறு ‘தூ’, ‘வூ’ இரண்டையும் ஆங்கில ‘யூ’ வழியாக விளக்குவது. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? ஆனால் ‘தூ என்றால் நீ, வூ என்றால் நீங்கள்’ என்று பலகையில் எழுதிவிட்டு நகர்ந்தாலும் சிக்கல்தான். வீட்டில் அப்பாவை ‘நீங்க’ என்று அழைக்கும் பிள்ளை, பிரெஞ்சுக் கடிதத்திலும் அப்பாவுக்கு ‘வூ’ போடும். பெரும்பாலான பிரெஞ்சு வீடுகளில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் ‘தூ’தான். அங்கே நெருக்கம்தான் முதல் அளவுகோல். நம் வீடுகளில் வயதுக்கும் உறவுமுறைக்கும் கூடுதல் இடம் உண்டு.

பத்து அட்டைகள் செய்யுங்கள்: பாட்டி, பேருந்து ஓட்டுநர், புதிதாகச் சேர்ந்த மாணவன், மருத்துவர், நாய்க்குட்டி, இருபது வயதுக் கடைக்காரப் பெண், கடவுள், இரண்டு நண்பர்கள் சேர்ந்து என்று போகட்டும். ஒவ்வொன்றுக்கும் தூவா, வூவா? கடைக்காரப் பெண் எவ்வளவு இளையவராக இருந்தாலும் முன்பின் தெரியாதவர், அதனால் வூ. இரண்டு நண்பர்களில்தான் அதிகம் தடுக்கி விழுவார்கள். தனித்தனியே தூ, சேர்ந்தால் பன்மை வூ. கடவுளை நாமும் நீ என்கிறோம், அவர்களும் தூ என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

அடுத்தது கடை உரையாடல். ‘எனக்கு ஒரு பகெத் (நீள ரொட்டி) வேண்டும்’ என்ற வாக்கியத்தை இலக்கணப் பிழையில்லாமல் சொன்னால் முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம். உண்மையான ரொட்டிக்கடையில் அந்தப் பிள்ளை முரடாகத் தெரியும். உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர் மதாம்’, பதில் வணக்கம் வந்த பிறகு கேட்பது, கேட்டதோடு ‘சில் வூ ப்ளே’ (தயவுசெய்து), வாங்கியதும் ‘மெர்சி’, வெளியேறும்போது ‘ஒ ருவுவார், போன் ஜூர்னே’. இந்த ஐந்து படியையும் கதவைத் திறப்பது முதல் மூடுவது வரை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் கடையில் ‘அண்ணே, அரை லிட்டர் பால்’ என்பதில் ‘அண்ணே’ செய்கிற வேலையை அங்கே ‘போன்ஜூர்’ செய்கிறது. இப்படிச் சொன்னால் மறக்காது.

பள்ளி வாழ்க்கையைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரண்மனைகளைவிட, தன் வயதுப் பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். ‘கொலேஜ்’ என்றதும் நம் பிள்ளைகள் கல்லூரி என்று நினைப்பார்கள். அது 11 முதல் 15 வயது வரையான பள்ளி. வகுப்பு எண் அங்கே இறங்கிக்கொண்டே போகும். நம் ஆறாம் வகுப்புக்கு அங்கே சிஸியெம், அதாவது ஆறாவது. நம் ஏழுக்கு அங்கே ஐந்தாவது. நம் ஒன்பதுக்கு மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 12 வரும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்.

மதிப்பெண் 20-க்கு. 12/20 என்றதும் நம் வகுப்பில் ‘அய்யோ, அறுபதுதானா’ என்பார்கள். கொலேஜ் முடிவில் எழுதும் பிரெவே தேர்வில் 12 சராசரி ‘ஓரளவு நன்று’, 14 ‘நன்று’, 16 ‘மிக நன்று’. இதைச் சொல்லாமல் மாதிரி மதிப்பெண் அட்டையை வாசிக்கக் கொடுத்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சோடை என்று எழுதிவிடுவார்கள்.

பண்டிகைகளில் அவசரமாகச் சமைக்கப் போகாதீர்கள். ஜனவரி 6-ஐ ஒட்டி வெட்டும் கலெத் தெ ருவா என்ற பண்டத்தின் வழக்கமான பூரணத்தில் பாதாம், முட்டை இரண்டும் உண்டு. உள்ளே ஒளித்திருக்கும் ஃபேவ் என்ற சின்னப் பொம்மை தொண்டையில் சிக்கலாம். பிப்ரவரி 2-இல் செய்யும், மெல்லிய தோசை போன்ற கிரேப்பிலும் முட்டை இருக்கிறது. ஒவ்வாமையும் சைவப் பழக்கமும் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். காகிதக் கலெத்தே போதும். ஆறு பேருக்கு ஏழு துண்டு வெட்டுங்கள். ஏழாவது, வழக்கப்படி எதிர்பாராமல் வருபவருக்கானது. ஒரு துண்டின் அடியில் குறி போடுங்கள். குழுவில் இளைய பிள்ளை மேசைக்கடியில் புகுந்துகொள்ள, ஒவ்வொரு துண்டையும் காட்டி ‘செ பூர் கீ?’ (இது யாருக்கு?) என்று மற்றவர்கள் கேட்க, ‘செ பூர் கவிதா!’ என்று கீழிருந்து பதில் வரும். குறி கிடைத்தவருக்குக் கிரீடம். பத்து நிமிடத்தில் ‘யாருக்கு’ என்ற கேள்வியும் படிந்துவிடும்.

ஜூலை 14-ஐ ‘பாஸ்டில் தினம்’ என்று கற்பிக்க வேண்டாம். அது ஆங்கிலப் பெயர். பிரான்ஸில் தேதியைத்தான் சொல்வார்கள், அல்லது தேசிய விழா என்பார்கள். கன்னத்தோடு கன்னம் வைக்கும் ‘பீஸ்’ வணக்கத்தைப் பற்றிப் பேசுங்கள், வகுப்பில் செய்ய வைக்காதீர்கள். எத்தனை முறை என்பது அங்கேயே ஊருக்கு ஊர் மாறும்.

பாரிஸோடு பிரெஞ்சு முடிந்துவிடுவதாகக் காட்டுவதும் தவறுதான். பிரான்ஸைப் போலன்றி, பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-ஐ ‘செப்தாந்த்’, 90-ஐ ‘நொனாந்த்’ என்பார்கள். ஒரு பிள்ளை அப்படி எழுதினால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். கனடாவின் கியூபெக்கில் ‘தெழெனே’ காலை உணவு, பிரான்ஸில் மதிய உணவு. தமிழ் வேர் கொண்ட குடும்பங்கள் நிறைந்த ரெயூனியன் தீவு 1946 முதல் பிரான்ஸின் மாவட்டம். பாரிஸின் லா ஷபேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்களில் பிள்ளையார் தேர் ஓடுகிறது. ‘பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும்’ என்று வாக்கியம் தொடங்கினால் நிறுத்தி, ‘சிலர்’, ‘பெரும்பாலும்’ என்பவற்றுக்கான ‘செர்தேன்’, ‘சுவாங்’ என்ற சொற்களைக் கொடுங்கள்.

தேர்விலும் ‘ஈபிள் கோபுரம் பற்றி ஐந்து வரி எழுதுக’ வேண்டாம். ‘புது ஊரில் ரொட்டிக்கடைக்குள் நுழைகிறாய், பகெத் தீர்ந்துவிட்டது, வேறொன்று வாங்கி வா’ என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு ‘போன்ஜூரு’க்கும் ‘வூ’வுக்கும், இரண்டு கேட்கும் வாக்கியத்துக்கு, ஒன்று விடைபெறுவதற்கு.